இசைத்தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சத்தம் ஏன் போதவில்லை?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்ததும், அலமாரியில் தூங்கும் பழைய எல்.பி. இசைத்தட்டுகளை அதில் பதிவு செய்து வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். ரெக்கார்ட் பிளேயரின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் அடாசிட்டி மென்பொருளைத் திறந்து, சிவப்பு பட்டனைக் கிளிக் செய்தால் பதிவு தொடங்கிவிடும். ஆனால் சிலருக்குத் திரையில் அலைவடிவம் மெல்லிய நூல் போலத்தான் ஓடும். உடனே மென்பொருளில் சத்தத்தைக் கூட்டுவார்கள். பாட்டு கேட்கும், கூடவே அடைமழை மாதிரி 'உஸ்' என்ற இரைச்சலும் கேட்கும்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் அப்பா இப்படியே நாற்பது தட்டுகளைப் பதிவு செய்து முடித்திருந்தார். "தட்டெல்லாம் தேஞ்சு போச்சு தம்பி, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாம்" என்று அட்டைப்பெட்டியில் கட்டியும் வைத்துவிட்டார். அவற்றில் சில சிடியாக வெளிவராத கச்சேரிகள். போனால் போனதுதான். நான் ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டுப் பதிவு செய்து காட்டினேன். அதே இரைச்சல்! ஊசியே தட்டைத் தொடவில்லை என்றால் இரைச்சலுக்குத் தட்டு எப்படிக் காரணமாகும்? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

குறை அவருடைய கார்ட்ரிட்ஜின் வகையில் இருந்தது. அதைக் குறை என்று சொல்வதும் சரியில்லை, அது நல்ல சரக்கு. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். பெரும்பாலான பிளேயர்களில் இருப்பது 'மூவிங் மேக்னட்' வகை. இதில் ஊசியுடன் சிறு காந்தம் ஆடும். சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் வெளிவரும். 'மூவிங் காயில்' வகையில் காந்தம் அசையாது, கம்பிச்சுருள் ஆடும். சுருள் லேசாக இருக்க வேண்டும் என்பதால் சில சுற்றுகள்தான் சுற்ற முடியும். அவரிடம் இருந்தது டெனான் டிஎல்-103. 1960களில் ஜப்பானின் என்ஹெச்கே ஒலிபரப்பு நிறுவனத்திற்காக உருவானது. இதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே.

கம்ப்யூட்டரின் 'லைன் இன்' எதிர்பார்ப்பதோ சுமார் 300 மில்லிவோல்ட். இடையில் வைக்கும் ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு கருவி, மூவிங் மேக்னட்டுக்கு ஏற்றபடி சுமார் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கும். 3 மில்லிவோல்ட் 300 ஆகிவிடும், கவலையில்லை. 0.3 மில்லிவோல்ட் வெறும் 30 ஆகும். இன்னும் பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல் வேண்டும்.

அந்தப் பத்து மடங்கை அடாசிட்டியிலேயே பெருக்கிக்கொண்டால் என்ன? பிரீஆம்ப்பும் சவுண்ட் கார்டும் ஆளுக்குக் கொஞ்சம் சொந்த இரைச்சலைச் சேர்க்கின்றன. மென்பொருள் கைக்கு வரும்போது பாட்டும் இரைச்சலும் கலந்துவிட்டன. இரண்டையும் சேர்த்தேதான் அது பெருக்கும். 24 பிட்டில் பதிவு செய்தாலும் இந்த இரைச்சல் போகாது. பிரீஆம்ப்புக்குப் பிறகு இன்னொரு ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் இதே கதைதான். எனவே பெருக்கலை, இரைச்சல் சேர்வதற்கு முன்னால், கார்ட்ரிட்ஜை ஒட்டியே செய்துவிட வேண்டும்.

வழி இரண்டு உண்டு. முதலாவது, மூவிங் காயிலுக்கென்றே 60 டெசிபல் பெருக்கும் பிரீஆம்ப். சில பிரீஆம்ப்களின் பின்புறம் இரு வகைக்கும் மாற்றிக்கொள்ள ஸ்விட்ச் இருக்கும். புதிதாக வாங்கும் முன் உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாவது, பழைய பிரீஆம்ப்புக்கு முன்னால் 'ஸ்டெப்-அப்' டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது. 1:10 விகிதம் உள்ளதை வைத்தால் 0.3 ஏறக்குறைய 3 ஆகிவிடும். இதற்குக் கரண்ட்டே வேண்டாம். நண்பர் வீட்டில் இதைத்தான் வைத்தோம். இப்போது ஊசியைத் தூக்கினால் திரையில் கோடு கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது. நாற்பதையும் அவர் முதலிலிருந்து பதிவு செய்கிறார்.

பத்துக்குப் பதில் 1:30 வாங்கலாமே என்று ஆசைப்படாதீர்கள். பிரீஆம்ப்பின் 47,000 ஓம் தடை, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்கு விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டுத்தான் தெரியும். 1:10 என்றால் 470 ஓம். 1:30 என்றால் 52 ஓம்தான். டிஎல்-103 சுருளின் தடையே 40 ஓம். கிடைக்கும் சிக்னலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே விழுங்கப்பட்டுவிடும்.

மைக் துளையில் நேரடியாகச் செருகுவதும் வேண்டாம். அங்கு மைக்குக்காக ஒரு சிறு மின்னழுத்தம் வரும். கார்ட்ரிட்ஜின் மெல்லிய சுருளுக்கு அது ஆகாது. பல கம்ப்யூட்டர்களில் அது ஒற்றை சேனல் வேறு. மேலும், தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து உயர்ந்தவற்றைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954 முதல் வழக்கில் உள்ள ஆர்ஐஏஏ முறை இது. அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்வதும் பிரீஆம்ப்தான். லேப்டாப்பில் லைன் இன் இல்லையென்றால் லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 'உம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், பிளேயரிலிருந்து வரும் எர்த் வயர் பிரீஆம்ப்பின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை அடாப்டர், ஆம்ப்ளிஃபையர் இவற்றின் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள். கையில் பிடித்து அங்குமிங்கும் திருப்பினால் ரீங்காரம் அடங்கும் இடம் ஒன்று கிடைக்கும். அங்கேயே வைத்துவிட்டுப் பதிவைத் தொடங்கலாம். பாட்டின் உச்சம் அடாசிட்டி மீட்டரில் -6 டெசிபல் அருகே நின்றால் போதும்.