பிஞ்சுக் கைகள் கற்கும் பாடம்

“ஏன் சிஸ்டர், என் பேத்தியைப் படிக்க அனுப்பினோமா, இல்லை, பந்தியில் தட்டு எடுத்து வைக்க அனுப்பினோமா?”

சென்ற ஆண்டு நம் தொடக்கப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பாட்டியார் எழுப்பிய கேள்வி இது. கேட்டுச் சிலர் சிரித்தனர். சிலரோ, ‘நியாயந்தானே!’ என்பது போல் தலையசைத்தனர். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் சினங்கொள்ளவில்லை. “ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் பாட்டி, பார்த்த பிறகு நீங்களே சொல்லுங்கள்” என்று மட்டும் கூறினார்கள்.

அக்கேள்விக்கு எங்களால் இயன்ற விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பன்னிருவர், வெள்ளிதோறும் நண்பகல் மணி அடித்ததும் வளாகத்தின் மறுகோடியில் உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சென்று, கடைசி மணி வரை அங்குள்ள ஆசிரியைகளுக்குத் துணை நிற்கிறோம். கற்பிக்கச் செல்கிறோம் என்ற பெருமிதத்தோடுதான் முதல் நாள் சென்றோம். ஆனால் கற்றுக்கொண்டவர்கள் நாங்களே!

எண் எங்கே பிறக்கிறது?

முதல் வாரம் ஆசிரியை எங்களுக்கு ஒரு சோதனையைச் செய்து காட்டினார்கள். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர்கீழே ஆறு கொட்டைகளை மற்றொரு வரிசையாகவும் அடுக்கினார்கள். “இரண்டிலும் ஒரே அளவா?” என்று கேட்டதும், “ஆமாம் டீச்சர்!” என்றாள் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி. பிறகு அவள் கண்ணெதிரேயே கீழ்வரிசையை மட்டும் சற்று அகலப் பரப்பினார்கள். “இப்போது எதில் அதிகம்?” என்று கேட்டபோது, சிறுமி தயங்காமல் நீண்ட வரிசையைக் காட்டினாள்! அவளோ நூறு வரை ஒப்பிக்கத் தெரிந்தவள்.

இச்சோதனையை உலகறியச் செய்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) ஆவார். ஆறு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் இவ்வாறே விடையளிப்பர் என்று அவர் கண்டார். இது மந்தபுத்தி அன்று. வளர்ச்சியின் ஒரு படி. எண்ணின் பெயரைச் சொல்வது வேறு, எண்ணை உணர்வது வேறு. பெயர் காதின் வழியே வந்துவிடும். உணர்வோ, பொருள்களை எடுத்து, வைத்து, பிரித்து, சேர்த்து, மீண்டும் மீண்டும் கையாண்ட பிறகே வரும்.

இப்போது பந்திக்கு வருவோம். முதல் வகுப்பில் இருபத்தெட்டுக் குழந்தைகள். ஒரு வெள்ளியன்று மூவர் வரவில்லை. தட்டு வைக்கும் முறை அதே சிறுமிக்கு வந்தது. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு தட்டாக வைத்துக்கொண்டே சென்றவள், கடைசியில் கையில் மிஞ்சிய மூன்று தட்டுகளைப் பார்த்தாள். சற்று யோசித்துவிட்டு, “மூணு பேர் லீவு. அதான் மூணு தட்டு மிச்சம்!” என்று கூவினாள். இருபத்தெட்டில் மூன்று போனால் எத்தனை என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் அவள் விழித்திருப்பாள். இங்கே கழித்தல் கணக்கு அவள் கையிலேயே இருந்தது. தட்டு வைத்தது வேலையா, பாடமா? இரண்டையும் பிரிக்க எங்களால் இயலவில்லை.

கை வழியே கருத்து

இது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உரோமை நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். அவர் ஒரு மருத்துவர். பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குச் சென்றுவிட, கவனிப்பாரின்றிச் சுவர்களைப் பாழாக்கிக் கொண்டிருந்த பிள்ளைகளே அவரிடம் வந்து சேர்ந்தனர். அவர்கள் தம் கைகளைக் கழுவவும், பொத்தான் மாட்டவும், தூசி துடைக்கவும், உணவு மேசையை ஒழுங்கு செய்து ஒருவர்க்கொருவர் பரிமாறவும் பழகினர். எழுத்தும் எண்ணும் அவ்வொழுங்கின் நடுவிலேயே வந்தன. அவ்வில்லம் குடியிருப்புக்கு உள்ளேயே இருந்ததால் தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்க முடிந்தது. பிள்ளையின் வளர்ச்சி குறித்து அவர்கள் ஆசிரியையிடம் தவறாது கலந்து பேச வேண்டும் என்பதும் அங்கு ஒரு விதி.

அம்மையார் நம் நாட்டிற்கும் வந்தவர் என்பது நமக்குப் பெருமை. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் உடனே திரும்ப இயலாமல் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார். அவற்றுள் சில ஆண்டுகள் நம் கொடைக்கானல் மலையில் கழிந்தன.

தமிழ்நாட்டின் பள்ளிகளிலும் இவ்வழி பரவியது. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் விரிவடைந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைமுறை அதற்கு முன்மாதிரி. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, ஏணிப்படி போல் அமைந்த அட்டைகளைத் தத்தம் வேகத்தில் கற்றனர். குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரிலே கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. பின்னர் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாடலும் கதையும் பொம்மலாட்டமுமாகக் கற்பிக்க வழி செய்தது. முறைகள் மாறின, பெயர்களும் மாறின. ஆயினும் கை வழியே கருத்து என்னும் அடிப்படை மாறவில்லை.

பிடி அரிசி

‘பிடி அரிசி’ நம் தாய்மாரும் பாட்டிமாரும் அறிந்த வழக்கம். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, மாத முடிவில் இல்லாதவர்க்குக் கொடுப்பார்கள். தவக்காலத்தில் நம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் வாரம் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து, அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்கு அளித்தனர்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அந்த அரிசியைக் கொண்டே ஒரு வினா தொடுத்தார்கள்: “ஒரு கிலோவுக்கு எத்தனை பிடி?” வகுப்பின் மிகச் சிறிய குழந்தை பிடி பிடியாகத் தராசில் இட்டாள். ஐம்பதைத் தாண்டிய பிறகே தட்டு சமமாயிற்று. அடுத்து எங்களுள் ஒருத்தி இட்டாள், முப்பதுக்குள் முடிந்துவிட்டது. “அக்கா கை பெரிசு! இது போங்கு!” என்று வகுப்பே கூச்சலிட்டது.

அந்தக் கூச்சல்தான் அன்றைய பாடம். ஆளுக்கு ஆள் கை மாறும். ஆகவே ஊருக்கெல்லாம் பொதுவான ஓர் அளவு வேண்டும். படியும் கிலோவும் ஏன் பிறந்தன என்பதை அக்குழந்தைகள் இனி மறக்கமாட்டார்கள். அன்று அவர்கள் மற்றொன்றும் கண்டனர். சிறிய கை கொடுத்ததும் ஒரு பிடிதான், பெரிய கை கொடுத்ததும் ஒரு பிடிதான். முதியோர் இல்லத்துப் பானையில் இரண்டும் ஒன்றாகவே வெந்தன.

யாருடைய வேலை?

இனி நாங்கள் எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதுகிறோம். ஒரு நாள் வகுப்பைப் பெருக்கும் முறை ஒரு சிறுமிக்கு வந்தது. அவள் துடைப்பத்தைத் தொடாமல், பக்கத்தில் நின்ற மற்றொரு சிறுமியைச் சுட்டிக்காட்டி, “அது அவங்க வேலை” என்றாள். ஏழு வயதுக் குழந்தை! அச்சொல்லை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க முடியாது. சுட்டப்பட்ட குழந்தை ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து துடைப்பத்தை எடுக்கப் போனாள். அதைக் கண்ட எங்கள் நெஞ்சம் கனத்தது.

ஆசிரியை ஏசவில்லை, அடிக்கவில்லை. அக்குழந்தையின் கையிலிருந்து துடைப்பத்தைத் தாமே வாங்கி, வகுப்பை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பெருக்கினார்கள். பிறகு அட்டையில் ஒரு சக்கரம் செய்து, எல்லார் பெயரையும் அதில் எழுதி, தம் பெயரை முதலில் எழுதினார்கள். அன்றுமுதல் சக்கரம் சுழல்கிறது. யார் பெயரையும் அது தாண்டிச் செல்வதில்லை.

வேலை பகிர்ந்து செய்யப்படும்போது மட்டுமே பாடமாகும். ஒருவர் தலையில் மட்டும் விழுந்தால் அது இழிவைக் கற்பிக்கும். பந்தியும் அப்படியே. 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் சில மாணவர்க்குத் தனிப்பந்தி நடந்ததும், அதனால் தமிழகமெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்ததும் வரலாறு. நாட்டுப்பற்று ஊட்டவென்று தோன்றிய கல்விக்கூடத்தின் நற்பெயரை ஒரு பந்தி வரிசை குலைத்துவிட்டது! அதே 1920இல்தான் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் நண்பகல் உணவு தொடங்கப்பட்டது. பின்னர்க் காமராசர் மாநிலமெங்கும் மதிய உணவு கொடுத்தார். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024இல் ஊரகத்திலும் 2025இல் நகரத்திலும் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. நூறாண்டுகளாக இத்தட்டுகள் பசியை மட்டுமா ஆற்றின? அடுத்தடுத்து அமர்ந்து உண்ணும் பழக்கத்தையும் ஊட்டின அல்லவா?

நம் தொடக்கப் பள்ளியிலும் சத்துணவு உண்போர் ஒரு பக்கம், வீட்டு டிபன் கொண்டுவருவோர் ஒரு பக்கம் என்று முன்பு அமர்ந்தார்கள். இப்போது வகுப்பு வாரியாக ஒரே வரிசையில் அமர்கிறார்கள்.

பாட்டியாரின் கவலையிலும் நியாயம் உண்டு என்பதை மறுக்கலாகாது. குழந்தையின் வேலை குழந்தையின் அளவிலேயே இருத்தல் வேண்டும். தட்டு வைக்கலாம், செடிக்கு நீர் ஊற்றலாம், தன் வகுப்பைப் பெருக்கலாம். அடுப்படியும், கழிவறையும், கனமான குடமும் குழந்தைக்குரியவை அல்ல. பாடநேரத்தைப் பறிக்கும் வேலையும் ஆகாது. இவ்வெல்லையை மீறினால் அது கல்வியன்று, சுரண்டல்.

நாங்கள் இழந்த ஐந்தாம் வகுப்பு

இவ்வளவு அக்கறை எங்களுக்கு ஏன் வந்தது? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். ‘இரண்டு வார விடுமுறைதானே’ என்று புத்தகப் பையோடு ஓடிவந்த நாங்கள், அந்த வகுப்பறைக்கு மாணவியராகத் திரும்பவே இல்லை. விடைபெறும் விழா இல்லை; ஆசிரியையிடம் ஆசி பெறவும் இல்லை. 2021 நவம்பர் முதல் நாள் மீண்டும் பள்ளிக்கு வந்தபோது ஏழாம் வகுப்பில் அமர்ந்தோம்.

அந்தப் பத்தொன்பது மாதங்களில் கைப்பேசி வழியே பாடம் ஓரளவு வந்தது. வராதது எது? பென்சிலை இரவல் கேட்பது; வரிசையில் காத்திருப்பது; சண்டையிட்டுச் சமாதானமாவது; அடுத்தவள் தட்டில் குறைந்ததைக் கவனிப்பது. இவை திரையில் வரவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாலைதோறும் தெருத்திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்தியபோது, எங்கள் தம்பி தங்கையர் எழுத்தோடு தோழமையையும் திரும்பக் கற்றதை நேரில் கண்டோம்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த இரசிய அறிஞர் வைகாட்ஸ்கி, குழந்தை இன்று மூத்தவர் துணையோடு செய்வதையே நாளை தனியே செய்யும் என்று விளக்கினார். வெள்ளிதோறும் ஒரு சிறுமியின் அருகில் அமரும்போது, எங்களுக்குக் கிட்டாமற்போன அந்த மாதங்களை அவளுக்குக் கொடுப்பதாகவே உணர்கிறோம்.

பாட்டியார் வந்தார்!

ஆம், ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டியார் வந்தே விட்டார். ஓரமாக நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். புளியங்கொட்டைகளைக் கண்டதும், “பல்லாங்குழி இல்லையா?” என்று கேட்டார். அடுத்த வாரம் வீட்டுப் பரணிலிருந்த மரப் பல்லாங்குழியையே எடுத்து வந்துவிட்டார். ஏழும் ஏழும் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டை. நான்கு சேர்ந்தால் ‘பசு’. கூட்டலும் பெருக்கலும் பாட்டியாரின் விரல் நுனியில் ஆடின! அவர் பேத்தி, தன் பாட்டி டீச்சராகிவிட்ட பெருமையில் பூரித்து நின்றாள்.

அன்று பந்தியில் தட்டு வைக்கும் முறை அவளுக்கு வந்தது. பாட்டியார் கேள்வி ஏதும் கேட்கவில்லை. “அந்தக் கோடியில் ஒரு பிள்ளைக்குத் தட்டு வரலை, பாரு கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

பெற்றோரே, பெரியோரே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பல்லாங்குழி இருக்கலாம். உங்கள் நினைவில் ஒரு கதை இருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். அன்புத் தோழியரே, அடுத்த ஆண்டு இப்பணியை ஏற்கப்போகிறவர்கள் நீங்களே. அந்தச் சக்கரத்தில் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். அந்த ஐந்தில் பகிர்ந்து வாழப் பழக்குவது நம் எல்லாருடைய பொறுப்பன்றோ!

— பதினோராம் வகுப்பு மாணவியர்