கடலுக்கு அடியில் யாருடைய நிலம்?

ஹூஸ்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் பார்க்க வேண்டுமென்றால் கால்வெஸ்டன்தான். காரில் ஏறினால் ஒரு மணி நேரம். பிள்ளைகள் மணலில் விளையாட, பெரியவர்கள் தூண்டில் போடுவார்கள். அங்கேயே ஒரு வீடு வாங்கிவிடலாமா என்று சிலர் விசாரிப்பார்கள். அந்தக் கரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத மூன்று கோடுகள் ஓடுகின்றன. நாம் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வைத்தே நமக்குரிய சட்டமும், குறை ஏற்பட்டால் நாம் போக வேண்டிய அலுவலகமும் மாறுகின்றன.

மூன்று கோடுகள்

முதலாவது உயர் ஓதக் கோடு. கடல் ஏறி நிற்கும் மட்டத்தைச் சுமார் 19 ஆண்டுகள் அளந்து, அதன் சராசரியைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். டெக்சாஸில் தனியார் நிலம் இந்தக் கோட்டோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே உள்ள ஈர மணலும் கடலடி நிலமும் மாநிலத்துக்குச் சொந்தம்.

இரண்டாவது தாழ் ஓதக் கோடு, அதாவது கடல் இறங்கி நிற்கும் மட்டம். கடல் நோக்கிய தூரத்தை இங்கிருந்துதான் அளக்கிறார்கள். விரிகுடாவோ ஆற்று முகத்துவாரமோ குறுக்கிட்டால், அதன் வாயை அடைத்து ஒரு கோடு இழுத்து, அங்கிருந்து அளப்பார்கள்.

மூன்றாவது, மாநிலத்தின் கடலடி நிலம் முடிந்து மத்திய அரசின் நிலம் தொடங்கும் எல்லை. பெரும்பாலான மாநிலங்களுக்கு இது 3 கடல் மைல், அதாவது சுமார் 5.6 கிலோமீட்டர். டெக்சாஸுக்கும், மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தில் புளோரிடாவுக்கும் மட்டும் 9 கடல் மைல், சுமார் 16.7 கிலோமீட்டர்.

எல்லை வந்த கதை

எல்லாவற்றுக்கும் காரணம் எண்ணெய். கரையோரக் கடலடி நிலம் தங்களுடையது என்றே மாநிலங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தன. 1947இல் கலிஃபோர்னியா வழக்கிலும், 1950இல் லூசியானா, டெக்சாஸ் வழக்குகளிலும் மத்திய அரசுக்கே மேலான உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் கொதித்தன. 1953இல் நாடாளுமன்றம் கடலடி நிலச் சட்டத்தை இயற்றி, கரையோரப் பகுதியை மாநிலங்களிடமே ஒப்படைத்தது. டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த 1836இலேயே 9 கடல் மைல் தன்னுடையது என்று சட்டம் செய்திருந்தது. 1960இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தத் தூரத்தின் பயன் சிறியதல்ல. டெக்சாஸின் கடலடி நிலத்தில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவின் வருமானம் அந்த மாநிலப் பள்ளிகளுக்கான நிரந்தர நிதியில் சேர்கிறது. ஹூஸ்டன் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

கரை நகர்ந்தால் கோடும் நகரும்

கரையிலிருந்து அளக்கும் எல்லை என்பதால், கரை அரிக்கப்பட்டால் எல்லையும் உள்ளே வரும். எது கரை என்பதிலேயே தகராறு வருவதும் உண்டு. அலாஸ்காவுக்கு வடக்கே டிங்கம் சாண்ட்ஸ் என்றொரு மணல்திட்டு. அது தீவு என்றும், அதைச் சுற்றியுள்ள கடலடி நிலம் தன்னுடையது என்றும் அலாஸ்கா வாதாடியது. அடிக்கடி நீரில் மூழ்கும் திட்டைத் தீவாகக் கொள்ள முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, மாநிலம் தோற்றது. கரையோடு எல்லையும் நகரும் ஊசலாட்டத்துக்கு முடிவுகட்ட, நீதிமன்ற ஆணையில் குறித்த எல்லை அதன்பின் மாறாது என்று 1986இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்தது. கலிஃபோர்னியாவின் எல்லை 2014இல் அப்படி நிலைநிறுத்தப்பட்டது. ஆணை இல்லாத இடங்களில் பழைய வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

உங்களுக்கான எச்சரிக்கைகளும் வழிகளும்

வீடு வாங்குவோர்: டெக்சாஸில் கடற்கரையைப் பயன்படுத்தும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்று 1959ஆம் ஆண்டின் திறந்த கடற்கரைச் சட்டம் சொல்கிறது. கரை அரித்து வீடு பொதுக் கடற்கரைக்குள் வந்துவிட்டால், அதை அகற்றக் கோரி மாநிலம் வழக்குத் தொடரலாம். வளைகுடாக் கரை வீட்டை விற்பவர் இந்த அபாயத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிக்கை தரப்படவில்லை என்றால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

படகுத்துறை கட்டுவோர்: தண்ணீருக்குள் ஊன்றும் தூண் மாநில நிலத்தில் நிற்கிறது. மாநில நில அலுவலகத்தின் அனுமதியோடு, மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதியும் தேவைப்படலாம். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறக்காதீர்கள்.

மீன் பிடிப்போர்: ரெட் ஸ்நாப்பர் மீனுக்கு மாநிலக் கடலில் ஒரு விதி, மத்திய அரசின் கடலில் வேறு விதி. மீனுக்கான எல்லையும் நிலத்துக்கான எல்லையும் சில இடங்களில் வேறுபடும். லூசியானாவின் கடலடி நிலம் 3 கடல் மைலில் முடிந்தாலும், ரெட் ஸ்நாப்பர் போன்ற பாறை மீன்களுக்கு அதன் எல்லை 9 கடல் மைல். கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதியைப் பாருங்கள்.

மீன்பிடித் தொழில் செய்வோர்: மத்திய அரசின் கடலில் நடக்கும் எண்ணெய், எரிவாயுத் தொழில் விட்டுச்சென்ற பொருளில் சிக்கி வலை கிழிந்தால் மீனவர் இழப்பீட்டு நிதி உண்டு. அந்தப் பொருள் மாநிலக் கடலில் நடக்கும் தொழிலுடையது என்றால் அது கிடையாது. எனவே சிக்கிய இடத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். துறைக்குத் திரும்பிய 15 நாளுக்குள் தகவல் கொடுத்தால் உங்கள் கோரிக்கைக்கு வலு கூடும். மனு கொடுக்க 90 நாள்தான் அவகாசம்.

கரையில் வாழும் எல்லோரும்: 1969இல் சாண்டா பார்பராவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது மத்திய அரசின் கடலில். கறுத்துப்போனதோ கலிஃபோர்னியாவின் கடற்கரை. பின்னர் 1972இல் வந்த கடற்கரை மண்டல மேலாண்மைச் சட்டம், எல்லைக்கு அப்பால் நடக்கும் திட்டம் தன் கரையைப் பாதிக்கும் என்றால் மறுப்புத் தெரிவிக்க மாநிலத்துக்கு வழி செய்தது. அப்போது மாநிலம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அந்த அறிவிப்பு வரும்போது உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். எண்ணெய் கரை சேர்ந்தால் அதை முதலில் மிதிப்பவர்கள் கரையில் வாழும் நாம்தான்.