பிளக் பொருந்தினால் மாத்திரம் போதுமா?

வெளிநாடுகளில் தொழில் புரிவோரும் புலம்பெயர்ந்து வாழ்வோரும் தாயகம் திரும்புகையில் மின் உபகரணங்களைக் கொண்டுவருவது எமது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கோப்பி மெஷினோ, ஜித்தாவில் பணிப்பெண்ணாக உழைத்தவர் தமது சம்பளத்தில் வாங்கிவந்த பிளெண்டரோ முதல் தடவை சுவிச் போட்ட மாத்திரத்திலேயே கருகிப்போன கதைகளை நாம் அடிக்கடி கேட்கின்றோம். பல மாத உழைப்பின் ஒரு பகுதி ஒரு நொடியில் புகையாகிவிடுவதை விதியென்று கொள்வதற்கில்லை. பொருளின் அடியில் ஒட்டப்பட்டுள்ள சிறு துண்டை வாசித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பே அது.

இலங்கையில் வீடுகளுக்குக் கிடைக்கும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ற். அதன் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள், அவுஸ்திரேலியா, இந்தியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ற். சவூதி அரேபியாவின் நிலை சற்றுச் சிக்கலானது. அங்கு வீடுகளின் சாதாரண பிளக் பேஸ்களில் நெடுங்காலம் 127 வோல்ற்றும், குளிரூட்டி போன்றவற்றுக்கு 220 வோல்ற்றும் வழங்கப்பட்டன. 230 வோல்ற்றுக்குப் படிப்படியாக மாறுவதென 2010 இல் அந்நாடு தீர்மானித்தது. ஆகவே, 'சவூதியில் வாங்கியது' என்பதை மட்டும் வைத்து எதனையும் முடிவுசெய்ய இயலாது.

இந்த வேறுபாடு வரலாறு விட்டுச்சென்ற ஒன்று. எடிசனின் விளக்குகளுக்கு ஏற்ப அமெரிக்கா 110 வோல்ற்றைச் சுற்றியே தனது மின் விநியோகத்தை அமைத்துக்கொண்டது. 1899 இல் பேர்லின் நகர மின் நிறுவனம் அழுத்தத்தை இரட்டிப்பாக்கி 220 வோல்ற்றுக்கு மாறியது. அதே கம்பியில் கூடுதல் மின்வலுவைக் கொண்டுசெல்லலாம் என்பதே காரணம். ஐரோப்பா அவ்வழியைப் பின்பற்றிற்று.

அழுத்தம் இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்காகும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நான்கு மடங்காகும். 120 வோல்ற்றுக்கெனச் செய்யப்பட்ட 1000 வாற்று கேத்தலை எமது 230 வோல்ற்றில் மாட்டினால், அது ஏறக்குறைய 3,670 வாற்று வலுவை இழுக்க முற்படும். சுருள் எரிந்து அறுவதோடு நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். வயரும் பிளக் பேஸும் தீப்பற்றவும் கூடும். மறுதலையாக, இங்கிருந்து கனடாவுக்குக் கொண்டுசெல்லும் ரைஸ் குக்கர் கால் பங்கு வலுவுடனேயே இயங்கும். சோறு வேகாது, ஆபத்தும் இல்லை.

மிகவும் பரவலான தவறெண்ணம் அடப்டர் பற்றியது. விமான நிலையங்களிலும் கடைகளிலும் விற்கப்படும் அச்சிறு பொருள் பிளக்கின் கால்களை எமது துளைகளுக்குப் பொருந்தச் செய்கின்றதேயன்றி, ஒரு வோல்ற்றைக்கூடக் குறைப்பதில்லை. பொருந்திவிட்டது என்ற நம்பிக்கையை அது ஏற்படுத்துவதே அபாயம். பேனையையோ தீக்குச்சியையோ புவித்தொடுப்புத் துளைக்குள் செருகி இரண்டு கால் பிளக்கை நுழைக்கும் எமது வீட்டு வழக்கத்தையும் இங்கு கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. சிறுவர்களின் விரலைக் காப்பதற்காக அமைக்கப்பட்ட மூடியை நாமே திறந்துவிடுகின்றோம். 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கையே நாட்டின் ஒரே நியமமாக்கி, ஏனையவற்றின் விற்பனைக்கு 2018 இல் தடை விதிக்கப்பட்ட பின்னரும் இவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை.

கைத்தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்களின் விடயத்தில் பெரும்பாலும் கவலை வேண்டியதில்லை. 'இன்புட்' என்ற சொல்லுக்கு நேரே 100-240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என இருந்தால் அது உலகின் எப்பகுதியிலும் இயங்கும். 120 அல்லது 127 என ஒரே எண் இருப்பின் எமது மின்சாரத்தில் மாட்டலாகாது. பழைய, பாரமான சார்ஜர்களில் இவ்வாறான ஒற்றை எண்ணே அதிகம்.

'அவுட்புட்' எனும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 9 வோல்ற் ரவுட்டரின் துளைக்குள் 12 வோல்ற் சார்ஜரின் முனை இலகுவாக நுழையும்; ரவுட்டர் பழுதாகும். வோல்ற் அளவு சமமாக இருக்க வேண்டும். அம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையலாகாது. முனையின் நேர், மறைக் குறியும் ஒத்திருக்க வேண்டும். லிதியம் பற்றறியை வேறு வகைப் பற்றறிக்குரிய சார்ஜரில் ஏற்றுவது தீ விபத்துக்கே வழிவகுக்கும்.

120 வோல்ற் பொருளைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில் படிகுறை நிலைமாற்றி தேவை. அதன் வாற்று அளவு பொருளினதைவிடக் கணிசமாகக் கூடியிருக்க வேண்டும். ஆயினும் அது அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி மீடிறனை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கான மின்விசிறி இங்கு ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுழலும், மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். கேத்தல், அயன் பெட்டி போன்றவற்றுக்குப் பெரிய நிலைமாற்றி வாங்கும் செலவில் புதியதொன்றை இங்கேயே வாங்கிவிடலாம்.

இத்தகவல்கள் யாவும் பொருளின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மாத்திரம் அச்சிடப்பட்டிருப்பது எமது முறைப்பாடு. அச்சகத்துக்கு மேலதிகமாக ஒரு வரி பெரிய செலவல்ல. இங்கு விற்பனையாகும் பொருட்களிலேனும் 230 வோல்ற் என்ற அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் இடம்பெறுமாறு இறக்குமதியாளரைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பணிக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ளோரோ, பெட்டியைக் கட்டுவதற்கு முன்னர் அத்துண்டைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, இங்கு மின் வேலை தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.