வெண்தீவு காத்த இரகசியம்

வடதுருவத்தை அண்மிய சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கிழக்குக் கோடியில், நோர்வேக்குரிய ‘குவித்தோயா’ என்னும் தீவு உளது. ‘வெண்தீவு’ என்பதே அப்பெயரின் பொருள். 682 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவை ஏறத்தாழ முழுவதும் பனிக்கட்டி கவிந்துள்ளது. கரையோரத்தில் மாத்திரம் சிறிது கற்றரை வெளியே தெரியும். மனிதர் எவரும் இங்கு வாழ்வதில்லை. எனினும், சுவீடன் நாடு 33 ஆண்டுகளாக விடை தேடிய வினாவொன்றுக்கு இத்தீவே விடையைப் பொத்தி வைத்திருந்தது.

சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் அன்ட்ரே, பலூனில் ஏறி வடதுருவத்தை அடைய எண்ணினார். மன்னர் இரண்டாம் ஒஸ்காரும் அல்பிரட் நொபெலும் பொருளுதவி புரிந்தனர். 1896இல் செய்த முதல் முயற்சி, சாதகமான காற்று வீசாமையாற் கைவிடப்பட்டது. அப்போது உடனிருந்த எக்கொல்ம் என்னும் வானிலை அறிஞர், பலூனின் தையற்றுவாரங்கள் வழியே வாயு கசிவதை அளந்து கண்டு எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படாமையால் அவர் விலகிக்கொண்டார்.

1897 யூலை 11ஆந் திகதி அன்ட்ரே, ஸ்டிரின்ட்பேர்க், பிரெங்கல் ஆகிய மூவரையும் சுமந்து ‘கழுகு’ என்னும் அப்பலூன் மேலெழுந்தது. எழுந்த சிறிது நேரத்திலேயே, அதனை நெறிப்படுத்த வேண்டிய இழுகயிறுகளின் பெரும்பகுதி கழன்று கடலில் வீழ்ந்தது. மூடுபனி பலூனிற் படிந்து உறைந்து பாரமேற்றியது. யூலை 14இல் அது பனிவெளியில் இறங்கியது.

அதன்பின் மூவரும் சறுக்குவண்டிகளை இழுத்தவாறு உறைகடல்மீது நடந்தனர். அவர்கள் ஒரு திசையில் நடக்க, காலடிப் பனியோ மிதந்து அவர்களை வேறொரு திசைக்குக் கொண்டுசென்றது. துருவக் கரடிகளைச் சுட்டுண்டு உயிர்தாங்கினர். ஒக்டோபர் முற்பகுதியில் வெண்தீவை அடைந்தனர். சில நாட்களில் நாட்குறிப்பு நின்றுவிட்டது.

1930 ஆகஸ்ட் மாதத்தில், ‘பிறாட்வாக்’ என்னும் நோர்வேக் கப்பலிற் சென்றோர் அவர்களது பாசறையைக் கண்டனர். உடல்களின் எச்சங்களும், நாட்குறிப்புகளும், படச்சுருள்களும் அவ்வாண்டிலேயே மீட்கப்பட்டன. பனியிற் கிடந்த 240 படங்களுள் 93 படங்களை ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் நிபுணர் துலங்கச் செய்தார். வீழ்ந்த பலூனருகே நிற்கும் தோழர்களை அவற்றுள் இன்றும் காணலாம். மரணத்தின் காரணம் பற்றி மாத்திரம் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

எச்சரித்தவர் சொல்லைத் தள்ளியது பெரும் பிழையே. ஆயினும், மீள வழியில்லா வேளையிலும் அம்மூவர் அளவிடுதலையும் எழுதுதலையும் படம்பிடித்தலையும் விடவில்லை. அதனாலன்றோ அவர்களது பிழையையும் பெருமையையும் நாம் ஒருங்கே அறிகின்றோம்!