விருத்தாசலம் சந்திப்பும் நமது சரக்கும்

நமது ஊருக்குக் கோயிலால் பெருமை, பீங்கானால் பிழைப்பு. இரண்டுக்கும் ஆட்களையும் சரக்கையும் கொண்டு வந்து சேர்த்தது ரயில் நிலையம். அதைப் பற்றி இளைய வணிகர்கள் அதிகம் அறியாததால் சில விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயில் கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றித்தான் போயிற்று. அதற்கு இன்றும் மெயின் லைன் என்று பெயர். 1920-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் விழுப்புரத்திலிருந்து நமது ஊர், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை போட்டார்கள். இதுவே கார்டு லைன். சுற்று சுமார் 60 கி.மீ. குறைந்தது. கிழக்கே கடலூர் துறைமுகத்துக்கும் மேற்கே சேலத்துக்கும் பாதைகள் சேர்ந்தபின் நமது நிலையம் நான்கு திசைச் சந்திப்பாயிற்று. எழும்பூரிலிருந்து 213 கி.மீ. தூரத்தில், இத்தனை சிறிய ஊருக்கு இது பெரிய பாக்கியம். காசியை விட விருத்தகாசி வீசம் அதிகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. கணக்கு தெரிந்த ஊர்தான்.

இந்தப் பாதையின் துயரமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

இனி நமது தொழிலுக்கு வருவோம். எல்லாம் மீட்டர் கேஜ் காலம். தண்டவாளத்தின் இடைவெளி ஒரு மீட்டர். சேலத்திலோ அகலப்பாதை, அதாவது 1676 மில்லி மீட்டர். வடக்கிலிருந்து அகலப்பாதையில் வரும் பருப்பு, கோதுமை மூட்டைகளைப் பாதை மாறும் இடத்தில் இறக்கி, சின்ன வேகனில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொக்கி போட்ட மூட்டை சிந்தும், எடை குறையும். மளிகைக்காரருக்கு அது சேதாரக் கணக்கு. பீங்கான்காரருக்கோ அது முழு நஷ்டம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதை நம்பித்தான் இங்கே செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை, பொம்மை எல்லாம் வைக்கோல் வைத்துக் கட்டி வெளியூர் போயின. நமது கடைகளில் ஜாடி வாங்கிய வெளியூர் வியாபாரி, திரும்பும்போது முந்திரியும் மல்லாட்டையும் விலை கேட்டுப் போவார். ஒரு சரக்கு இன்னொரு சரக்கை இழுத்து வரும் என்பதை நாங்கள் கற்றது அங்கேதான்.

அந்தக் காலத்தில் ரயில்வே ரசீது என்பது பாதிப் பணம். அனுப்புகிறவர் ரசீதைத் தம் பெயருக்கே எழுதி பாங்கிக்கு அனுப்புவார். நாம் பணம் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும், ரசீதைக் காட்டினால்தான் மூட்டை வெளியே வரும். தாமதித்தால் நாள் வாடகை வேறு ஏறும். முகம் தெரியாத ஊருடன் துணிந்து வியாபாரம் செய்ய முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

பிறகு ரயில்வே சில்லறைச் சரக்கைக் கைவிட்டு, முழு ரயிலாக நிரப்புவோருக்கே வேகன் என்று மாறிவிட்டது. உரம், சிமெண்டு, நிலக்கரிக்கு அது சரி. பத்து மூட்டைக்காரருக்கு லாரி ஷெட்டே கதி. 1990-களின் இறுதியில் கார்டு லைனும், அதன் பிறகு சேலம், கடலூர்ப் பாதைகளும் அகலப்பாதையாயின. கைமாற்றுத் தொல்லை ஒழிந்தபோது நமது மூட்டை ரயிலில் இல்லை! இதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு ஆறவில்லை. அம்ரித் பாரத் திட்டத்தில் நமது நிலையம் சேர்ந்து முகப்பு அழகானதில் மகிழ்ச்சிதான். ஆனால் சரக்குக்கு என்ன வழி என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இப்போதைக்கு நமக்கு மிஞ்சியது பயணிகள் வண்டியில் போகும் பார்சல். அனுப்ப எண்ணுவோர் முதலில் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும், பார்சல் ஏற்ற இடம் உண்டா என்று நிலையத்தில் விசாரிக்க வேண்டும். உடையும் சரக்கானால் கட்டுமானம் முக்கியம். கட்டு சரியில்லை என்று ஃபார்வர்டிங் நோட்டில் எழுதிவிட்டால், சேதத்துக்கு ரயில்வேயின் அஜாக்கிரதையே காரணம் என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தாவிட்டால் எடைக்கு ஏற்ற வரம்புக்குள்தான் இழப்பீடு கிடைக்கும், உள்ளே இருப்பது எவ்வளவு விலையானாலும் சரி.

வந்த பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்துவிடாதீர்கள். அங்கேயே ஓப்பன் டெலிவரி கேளுங்கள். பெட்டியைத் திறந்து சேதத்தை எழுதித் தருவார்கள், அந்தக் காகிதம்தான் பின்னால் சாட்சி. 1989 ரயில்வே சட்டப்படி இழப்பீட்டு நோட்டீஸை ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் பெட்டி நம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அனுப்பியவர் ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணப்படும்.