படம் ஓடுது... எழுத்து எங்கே? சப்-டைட்டில் கோளாறைத் தீர்க்கும் இலவசக் கருவி

தர்மபுரி:

டி.வி.யில் படம் ஓடுகிறது. கதாநாயகன் வாய் அசைகிறது. ஆனால் திரைக்கு அடியில் வரவேண்டிய எழுத்தைக் காணோம்! வந்தாலும் கட்டம் கட்டமாக வருகிறது. இல்லாவிட்டால் கேள்விக்குறியாகக் கொட்டுகிறது.

"டி.வி. கெட்டுப்போச்சு" என்று ரிப்பேர் கடைக்கு ஓடவேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி டி.வி. அல்ல. எழுத்து இருக்கும் 'பைல்'தான்! அதைக் காசு செலவில்லாமல் சரி செய்ய ஒரு சின்னக் கருவி இருக்கிறது.

யாருக்கு நஷ்டம்?

தர்மபுரி எல்லை மாவட்டம். கன்னடமும் தெலுங்கும் காதில் விழும் ஊர்கள் இங்கே நிறைய. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது பென்-டிரைவில் படமும் வருகிறது. மொழி தெரியாதவர்களுக்கு அடியில் ஓடும் எழுத்துதான் துணை.

பாலக்கோட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, காது கேட்காத ஒரு பெண். எல்லோரும் சிரிக்கும்போது, "என்னம்மா சொன்னான்?" என்று அந்தப் பெண் கைஜாடையில் கேட்கிறாள். அம்மா படத்தைப் பார்ப்பாளா, மகளுக்குச் சொல்வாளா? தமிழ்ப் படம்தான். ஆனாலும் இரண்டு வரி தமிழ் எழுத்து ஓடினால்தான் அது அவளுக்குப் படம். எழுத்து வராவிட்டால் வெறும் பொம்மலாட்டம்!

இன்னொரு கணக்கும் உண்டு. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விகிதத்தில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம் தர்மபுரி. 68.5 சதவீதம்தான். பாட்டும் வசனமும் எந்த மொழியோ, அதே மொழியில் எழுத்தையும் ஓட விட்டால் ஜனங்கள் தானாகவே படிக்கப் பழகுவார்கள் என்று 1996-ல் சொன்னவர், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி. பாட்டு தெரியும், எழுத்துதான் தெரியாது என்பவருக்கு இதைவிட லேசான வாத்தியார் கிடையாது.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

சப்-டைட்டில் பைல் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பல சமயம் அது படத்தோடு ஒட்டாத தனி பைல். அதிகம் புழங்குவது எஸ்.ஆர்.டி. அதில் ஒரு வரிசை எண், வசனம் எப்போது வரவேண்டும், எப்போது மறையவேண்டும் என்ற நேரம், அதற்குக் கீழே வசனம். அவ்வளவுதான்!

தகராறு எங்கே வருகிறது? ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. எஸ்.ஆர்.டி.யில் நொடிக்குப் பிறகு கமா. இணையத்துக்கான வெப்-வி.டி.டி.யில் அதே இடத்தில் புள்ளி. ஒன்றுக்குப் பழகிய பிளேயர் இன்னொன்றைக் கண்டால் முழிக்கிறது.

பழைய மைக்ரோ-டி.வி.டி. வகையில் நேரமே கிடையாது. எத்தனையாவது பிரேம் என்ற கணக்கு மட்டும்தான். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்துக்கு எழுதியதை, 25 என்று பிளேயர் தப்பாக எடுத்துக்கொண்டால் போச்சு! இரண்டரை மணி நேரப் படத்தின் கடைசி வசனம் 6 நிமிஷம் முன்கூட்டியே வந்துவிடும். கொலைகாரன் யார் என்பது போலீசுக்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடும்!

கருவி இதுதான்

பெயர் 'சப்-டைட்டில் எடிட்'. டென்மார்க் நாட்டு நிகோலாய் ஓல்சன் உருவாக்கியது. முழுக்க இலவசம். 300-க்கும் மேற்பட்ட வகைகளை இதற்குத் தெரியும்.

வேலை சுலபம். கம்ப்யூட்டரில் பைலைத் திறக்கவேண்டும். 'சேவ் ஆஸ்' கொடுத்து, வேண்டிய வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரு போல்டர் நிறைய பைல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றவும் வழி இருக்கிறது. பிரேம் கோளாறு என்றால், எந்த வேகத்துக்கு எழுதியது, உங்கள் படம் என்ன வேகம் என்று இரண்டு எண்ணைக் கொடுத்தால் போதும். கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இது வகையை மாற்றும் வேலை. கன்னட வசனம் தமிழாகிவிடாது.

தமிழுக்கு மட்டும் தனிச் சங்கடம்

தமிழ் எழுத்தைச் சேமிக்கும்போது 'யூ.டி.எப்.-8' என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மறந்துபோய் பழைய 'ஆன்சி' முறையில் சேமித்தால் அத்தனை எழுத்தும் கேள்விக்குறி ஆகிவிடும். அப்படிச் சேமித்து மூடிவிட்டால் போனது போனதுதான். எந்தக் கருவியாலும் மீட்க முடியாது! அதனால் அசல் பைலை அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

கட்டம் கட்டமாக வந்தால், அந்தப் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பொருளில்லாத ஆங்கில எழுத்தாக வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்று சந்தேகிக்கலாம். தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010-ல்தான். அதற்கு முன்பு ஆளுக்கொரு முறை. பழையதை யூனிகோடுக்கு மாற்ற 'பொங்குதமிழ்', 'என்.எச்.எம். கன்வர்ட்டர்' போன்ற இலவச மாற்றிகள் உண்டு.

உஷார்!

இலவசம் என்றதும் கண்ட இடத்தில் பைலை இறக்குவது ஆபத்து. சப்-டைட்டில் பைல் மூலமாகவே கம்ப்யூட்டருக்குள் திருடன் புக முடியும் என்று 2017 மே மாதம் 'செக் பாயின்ட்' பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வி.எல்.சி., கோடி போன்ற பெயர்பெற்ற பிளேயர்களிலேயே அந்த ஓட்டை இருந்தது. பிறகு அடைத்துவிட்டார்கள். பிளேயரைப் புதுப்பிக்காமல் பழசையே வைத்திருப்பவர்களுக்கு ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். கருவியையும் அதன் சொந்தத் தளத்தில் இருந்துதான் இறக்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காது கேளாதவர்களுக்குத் திரையில் எழுத்து என்பது யாரோ போடும் பிச்சை அல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. டி.வி. நிகழ்ச்சிகளுக்கு 2019-லும், சினிமா தியேட்டர்களுக்கு 2024 மார்ச்சிலும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விதிமுறைகளை வெளியிட்டது.

அரூர், பென்னாகரம் தியேட்டர்களில் எல்லாப் படத்துக்கும் எழுத்து ஓட நாளாகலாம். வீட்டு டி.வி.க்கு அவ்வளவு நாள் காத்திருக்கவேண்டியதில்லை. மாற்றிய பைலுக்குப் படத்தின் பெயரையே வைத்து, இரண்டையும் பென்-டிரைவில் ஒரே இடத்தில் போட்டுச் செருகினால் பெரும்பாலான டி.வி.க்கள் எழுத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். செலவு, பத்து நிமிஷம்தான்!