நெடுந்தூரக் குதிரையோட்டம்: நம் ஊர் இளைஞர்கள் தொடங்குவது எப்படி?

திருவண்ணாமலையில் புறப்பட்டு கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி போய்ச் சேர ஏறத்தாழ 40 கி.மீ. இந்தத் தூரத்தைக் குதிரையில் கடப்பதுதான் 'எண்ட்யூரன்ஸ்' எனப்படும் நெடுந்தூரக் குதிரையோட்டத்தின் முதல் படி. உலகப் போட்டியில் இதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 160 கி.மீ. தூரத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும். 1714இல் போர்க்களத்தில் மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்கு ராஜனின் கதையும், அவன் அடக்கிய பாராசாரி குதிரையும் இன்றும் பேசப்படும் மண் இது. குதிரை மீதான ஆசைக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த ஆசையை முறையான விளையாட்டாக வளர்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

முன்னால் வந்தால் மட்டும் போதாது

1955இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வெண்டல் ரோபி என்பவரும் நண்பர்களும் மலைப்பாதையில் 100 மைல் தூரத்தை ஒரே நாளில் குதிரையில் கடந்து காட்டினார்கள். 'டெவிஸ் கோப்பை' என்று இன்றும் நடக்கும் போட்டி அதுதான். நவீன நெடுந்தூர ஓட்டத்துக்கு அதுவே தொடக்கம். உலக அளவில் இதைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு (எஃப்இஐ) நடத்துகிறது.

போட்டித் தூரம் பல சுற்றுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். குதிரை வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள், கடைசிச் சுற்றில் 20 நிமிடத்துக்குள், அதன் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். இடது முன்னங்காலின் முழங்கை மூட்டுக்குப் பின்னால் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். கால் நிமிடத்தில் 16 துடிப்புக்கு மேல் கேட்டால் கவலைதான்.

அத்தோடு விடுவதில்லை. ஈறை விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று கணிப்பார்கள். வயிற்றில் குடல் ஓசை கேட்கிறதா என்று கவனிப்பார்கள். மெல்லோட்டமாக ஓடவிட்டு நொண்டுகிறதா என்று சோதிப்பார்கள். ஒன்றில் தவறினாலும் குதிரை வெளியே. முதலாவதாக எல்லையைத் தொட்ட குதிரையும் கடைசிச் சோதனையில் தேறாவிட்டால் பரிசு கிடையாது.

வழிகாட்டிய கேரளப் பெண்

இது நமக்கு எட்டாத விளையாட்டு அல்ல என்பதற்கு நிதா அஞ்சும் சேலாட் சாட்சி. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவர், 2023இல் பிரான்சில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கி.மீ. தூரத்தைச் சுமார் ஏழரை மணி நேரத்தில் முடித்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவர்தான். அடுத்த ஆண்டு, அதே நாட்டில் மூத்தோருக்கான 160 கி.மீ. போட்டியையும் பத்தரை மணி நேரத்துக்குள் நிறைவுசெய்தார்.

நம் வெயிலும் குதிரையும்

வெயிலில் நீண்ட நேரம் ஓடும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்வை இழக்கலாம். அதோடு உப்புச் சத்துகளும் போய்விடும். தண்ணீர் மட்டும் காட்டினால் போதாது, தாது உப்பும் கொடுக்க வேண்டும். இங்கே பயிற்சிக்கு விடியற்காலையே ஏற்றது. தார்ச்சாலை கால்களுக்குக் கேடு, லாரிகளால் ஆபத்தும் உண்டு. ஏரிக்கரையும் வண்டிப்பாட்டையுமே நல்லது.

பராமரிப்பு தெரியாமல் குதிரை வாங்குவதன் விளைவை வரலாறே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் பெரும்பொருளுக்கு வாங்கப்பட்டதையும், சரியான பராமரிப்பின்றி அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோனதையும் பதிவுசெய்திருக்கிறார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஆரோவில் அருகே ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல், சென்னையில் மெட்ராஸ் ரைடிங் ஸ்கூல் போன்ற பள்ளிகள் இருக்கின்றன. சேணத்தில் பல மணி நேரம் நிலையாக உட்காரவும், குதிரையைக் குளிர்விக்கவும், குளம்பைச் சுத்தம் செய்யவும் பழகிய பிறகு சொந்தக் குதிரையை யோசிக்கலாம்.

தீபத் திருவிழாவை ஒட்டி திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்கும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் குதிரைகள் வரும். சுழியையும் நிறத்தையும் மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். கால்நடை மருத்துவரை உடன் அழைத்துச் சென்று பல், குளம்பு, நடை, மூச்சு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். உலக அளவில் இந்த ஓட்டத்தில் அரபுக் குதிரைகளே முன்னிற்கின்றன. ஆனாலும் பழகுவதற்கு மார்வாரி, கத்தியவாரி போன்ற நம் நாட்டு இனங்கள் தாராளமாகப் போதும்.

வாங்குவதைவிடச் செலவு பிடிப்பது வளர்ப்பதுதான். புல், கொள்ளு, லாடம், டெட்டனஸ் தடுப்பூசி, மருத்துவம் என்று மாதந்தோறும் பணம் வேண்டும். தனியாளாகத் தாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குதிரையைப் பராமரிக்கலாம்.

பயிற்சியில் அவசரம் கூடாது. சில கிலோமீட்டர் நடையில் தொடங்கி, மாதக்கணக்கில் தூரத்தைக் கூட்ட வேண்டும். தசை சீக்கிரம் உரமேறிவிடும். தசைநாரும் எலும்பும் உறுதிப்பட நாளாகும். போட்டிக்குத் தயாரானதும் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் பதிவுசெய்து, 40 கி.மீ., 80 கி.மீ. என்று தகுதி ஓட்டங்களை முடிக்க வேண்டும். அதன் பிறகே 100 கி.மீ. முதல் தொடங்கும் சர்வதேசப் போட்டிகளுக்கு வழி.

எனவே, குதிரை ஆசை உள்ள பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாலையில் நாலுகால் பாய்ச்சலில் விரட்டி வீடியோ எடுப்பது வீரமல்ல, வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை. குதிரை வாங்கப் பணம் சேர்க்கும் காலத்திலேயே, ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் குதிரையின் இதயத்துடிப்பை எண்ணப் பழகுங்கள்.